நடுப்படம்

கொடைக்கானலில் வெயிலை நம்பி எந்தக் காரியத்தையும் தொடங்கக் கூடாது. பளிச்சென்று இருக்கிறதே என்று துணியைக் காயப்போட்டுவிட்டுத் திரும்பினால் கொடியே தெரியாது, பனிமூட்டம் வந்து வாசலில் நிற்கும். இங்கே ஸ்டுடியோ வைத்திருப்பவன் பாதி வாழ்க்கையை வெளிச்சத்துக்காகக் காத்திருந்தே கழிப்பான். பழனியிலிருந்து மலையேறி வந்த புதிதில் எனக்கு அது எரிச்சலாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. காத்திருப்பதில் நான் கெட்டிக்காரன் என்று இப்போது தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

என்னை யாரும் வற்புறுத்திப் பேச வைக்கவில்லை, நீதிபதி ஐயா. அதை நீங்கள் மாற்றி மாற்றிக் கேட்டுவிட்டீர்கள், யோசிக்க அவகாசமும் கொடுத்தீர்கள். யோசித்துவிட்டேன். என் வக்கீல் ஞானவேல்தான் தலையில் அடித்துக்கொண்டார். நல்ல மனிதர். கவனக்குறைவு என்று இந்த வழக்கை முடித்துவிடலாம் என்பது அவருடைய கணக்கு. "அந்தப் படத்தை நீங்களா எடுத்துப் போட்டீங்க? வெப்சைட்டே தானா எடுத்துக்கிச்சு. அத மட்டும் சொல்லுங்க முருகவேல், அது நெசமும்தானே" என்றார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு இயந்திரம் குருட்டாம்போக்கில் அப்படி ஒரு படத்தை எடுத்துவிடும் என்று இந்த மன்றம் நம்பிவிடக் கூடாது. அதனால் சொல்கிறேன். எழுதுகிறவர் கை வலிக்காமல் எழுத, நிதானமாகவே சொல்கிறேன்.

பழனி அடிவாரத்தில் என் அப்பா வேலுச்சாமிக்கு ஸ்டுடியோ. மொட்டை போட்டு, சந்தனம் பூசி, சாமி பார்த்து இறங்கிவரும் குடும்பங்கள் ஊர் திரும்பும் முன் ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள். கடை முகப்பில் மாதிரிப் படங்கள் மாட்டியிருக்கும். அப்பா எப்போதும் சிரிக்கிற குடும்பங்களைத்தான் மாட்டுவார். எங்கள் தெரு முழுக்க அப்படிச் சிரித்துக்கொண்டேதான் இருக்கும், ஒருவரும் நின்று பார்க்க மாட்டார்கள். ஒரு நாள் அவர் சாப்பிடப் போன நேரத்தில், மொட்டை அடிக்கும்போது வீறிட்டு அழுத ஒரு கைக்குழந்தையின் படத்தை நடுவில் மாட்டினேன். கண்ணில் நீர் திரண்டிருக்கும், வாய் பாதி திறந்திருக்கும், யாரையோ தேடுகிற பார்வை. அன்று சாயங்காலமே கூட்டம் நின்றது. நின்றவர்களில் பாதிப் பேர் உள்ளே வந்தார்கள்.

அடுத்த வருடம் அந்தக் குழந்தையின் தாய் வந்து படத்தைக் கழற்றித் தரச் சொன்னாள். பிள்ளை காய்ச்சலில் தவறிவிட்டதாம். அப்பா உடனே கழற்றிக் கொடுத்துவிட்டார். அப்பாவுக்குத் தொழில் தெரியாது.

நான் கொடைக்கானலுக்கு வந்து, செண்பகனூர் போகிற ரோட்டில் கடை போட்டேன். கல்யாணம், காதுகுத்து, பள்ளிக்கூட ஆண்டுவிழா. கையில் ஒரு வீடியோ கேமரா, கடையில் ஒரு கம்ப்யூட்டர், மழை பெய்தால் படுத்துவிடும் ஒரு இன்டர்நெட் லைன். வீடியோக்களை இலவசமாக ஏற்றி உலகம் முழுக்கக் காட்டலாம் என்று ஒரு தளம் வந்ததும் முதலில் ஏற்றியவர்களில் நானும் ஒருவன். அருவி, மேகம், குறிஞ்சிப் பூ என்று ஏற்றினேன். ஒருவரும் பார்க்கவில்லை. என் தங்கை பார்த்தாள், அதுவும் போன் போட்டுச் சொன்ன பிறகு. பழனியில் ஒரு சுவரை வைத்துத் தெருவையே நிறுத்தினவன் நான். இங்கே உலகமே கடை வாசல் வழியாகப் போய்க்கொண்டிருக்கிறது, நிற்க ஆளில்லை. சீசன் முடிந்த மாதங்களில், மின்வெட்டில், மூடுபனி கண்ணாடியில் வந்து ஒட்டிக்கொள்ள, அந்தக் கடைக்குள் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று சொன்னால் புரியாது. மூச்சு முட்டும்.

பிறகுதான் சூட்சுமம் புரிந்தது. வீடியோவை யாரும் பார்ப்பதில்லை. முதலில் கட்டைவிரல் நகம் அளவில் ஒரு சின்னப் படத்தைப் பார்க்கிறார்கள். அது பிடித்தால்தான் வீடியோ ஓடும். தம்ப்நெயில் என்பார்கள், நான் முகப்புப் படம் என்றே சொல்வேன். அந்த நாளில் நம் இஷ்டத்துக்கு ஒரு படத்தை அங்கே வைக்க முடியாது, ஐயா. தளம் தானாக வீடியோவின் நட்டநடுவிலிருந்து ஒரு காட்சியைப் பிடுங்கி முகப்பில் வைத்துவிடும். அதனால் மற்றவர்களுடைய முகப்பில் எல்லாம் யாரோ முதுகைக் காட்டிக்கொண்டோ, கண்ணை மூடிக்கொண்டோ இருப்பார்கள். வக்கீல் சொன்னது இவ்வளவு தூரத்துக்கு உண்மைதான்.

ஆனால் இயந்திரம் நடுவைத்தான் எடுக்கும் என்று தெரிந்துவிட்டால் அப்புறம் அது நம்முடைய வேலைக்காரன். எல்லோரும் வீடியோவை முதலிலிருந்து வெட்டி ஒட்டுவார்கள். நான் நடுவிலிருந்து தொடங்குவேன். எந்த முகம் வேண்டுமோ அதை நடுவில் வைப்பேன், முன்னால் எவ்வளவு நேரமோ பின்னால் அவ்வளவு நேரம். இரண்டு பக்கமும் எடை சரியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முகம் நகர்ந்துபோய் பாறையோ செடியோ முகப்பில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அந்தச் சின்னப் படத்துக்கும் இலக்கணம் உண்டு. ஒரே முகம்தான் இருக்க வேண்டும். கண் தெரிய வேண்டும், கண்ணில் வெளிச்சம் விழ வேண்டும். சுற்றிலும் வேறு எதுவும் கூடாது. முக்கியமாக, பார்க்கிறவனுக்கு அது ஒரு கேள்வியாக இருக்க வேண்டும். பதிலையும் படத்திலேயே வைத்துவிட்டால் அவன் எதற்கு உள்ளே வருவான்?

முகத்துக்குத் தனசேகர் கிடைத்தான். சீசனில் வெளியூர்க்காரர்களைக் காட்டுவழியில் கூட்டிப்போகிற வழிகாட்டி. மற்ற நாளில் பண்ணைக்காட்டில் மிளகுத் தோட்ட வேலை. அவனுடைய அப்பா அம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்கள். அவன் இங்கேயே பிறந்தவன் என்றாலும் வீட்டுப் பேச்சு நாக்கில் ஒட்டியிருந்தது. சீக்கிரம் என்பதற்கு நாங்கள் வெரசா என்றால் அவன் சுறுக்கா என்பான். புரிகிறது என்பதற்கு விளங்குது என்பான். நான் கேலி செய்தால் சிரிப்பான். மனசில் ஓடுகிறது எல்லாம் முகத்தில் ஓடுகிற ஜாதி. ஒளிக்கத் தெரியாது. எனக்கு அவனை ரொம்பப் பிடிக்கும். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவனை ஒரு பாறை விளிம்பில் தொங்கவிட்டு எடுத்ததுதான் எங்களுடைய முதல் நல்ல வீடியோ. தொங்கினான் என்றால் இடுப்பில் கயிறு, கீழே ஆளுயரத்தில் புல்தரை. பயந்த மாதிரி மேலே பார்க்கச் சொன்னேன், பார்த்தான். அந்த முகத்தை நடுவில் வைத்தேன். ஒரே வாரத்தில் என் அருவிகள் எல்லாம் சேர்ந்து பார்க்காத கூட்டம் பார்த்தது. சிங்கப்பூர், மலேசியா, துபாய் என்று எங்கெங்கோ இருக்கிற நம் ஆட்கள் நின்றார்கள். அவன் மனைவி சுமலதாகூடக் கடைக்கு வந்து பார்த்துவிட்டு, "இந்த மொகத்த வீட்டுல காட்டுனதே இல்லையே" என்று அவன் தோளில் தட்டிவிட்டுப் போனாள்.

கனடாவிலிருந்து ஒருவர் கீழே எழுதியிருந்தார்: நல்ல நடிப்பு, அடுத்த முறை கயிற்றை மறைத்துவிடவும். அதன் கீழே வரிசையாகச் சிரிப்பு. கயிறு எனக்கே தெரியவில்லை, ஐயா. அவனுடைய காதோரம் ஒரு நூல் மாதிரி விழுந்திருந்தது. அதை வைத்து என்னைப் பொய்யன் என்று சொல்லிவிட்டார்கள். பிறகு எடுத்த ஒவ்வொன்றிலும் அதையே சொன்னார்கள். நடிப்பு, நடிப்பு. பார்க்கிறவர்கள் குறைந்தார்கள். தனசேகர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "பொய்தானேண்ணே, பொய்யின்னுதானே சொல்லுவாங்க" என்றான். நான் அன்று இரண்டு வேளையும் சாப்பிடவில்லை.

இரண்டாயிரத்து எட்டு, சித்திரை மாதம். வெள்ளகவி கிராமத்துக்கு இறங்குகிற ஒற்றையடிப் பாதையிலிருந்து சற்று விலகி, ஓடையைத் தாண்டினால் ஒரு பிளந்த பாறை இருக்கிறது. மேலே ஆள் நுழைகிற அகலம், கீழே போகப் போகக் குறுகும். உச்சி வேளையில் மட்டும் கொஞ்ச நேரம் வெயில் உள்ளே இறங்கும். மற்ற நேரம் இருட்டு. அதாவது, கீழே நிற்கிறவனுடைய முகத்தில் மட்டும் வெளிச்சம், சுற்றிலும் கறுப்பு. எனக்காகவே செதுக்கிவைத்த மாதிரி இருந்தது. தனசேகர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஈரமா இருக்கேண்ணே" என்றான். "பத்து நிமிச சோலிடா" என்றேன்.

உச்சி வெயிலுக்கு முன்னால் ஒத்திகை பார்க்க, காலையில் வெள்ளனே போய்விட்டோம். மரத்தில் கயிற்றைக் கட்டி, மறுமுனையை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினான். ஆள் உயரத்துக்கும் கீழே ஒரு சின்னப் படி மாதிரி பாறை நீட்டிக்கொண்டிருந்தது, அதில் நின்றான். நான் குப்புறப் படுத்து கேமராவில் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. கயிறு மட்டும் குறுக்கே விழுந்தது. எப்படிச் சாய்த்தாலும் அது அவன் முகத்தை ஒட்டியே வந்தது. கயிறு என்பது பதில், ஐயா. கயிற்றைப் பார்த்தவுடன் இவன் ஏறிவிடுவான் என்று தெரிந்துவிடும்.

"தனா, கயித்த அவுத்து விடு. படத்துல விழுது."

"அவுத்துட்டா எதைப் புடிக்கிறது?"

"படியில நில்லு. ஒரே ஒரு தடவ."

"விளங்குது. சுறுக்கா எடுங்கண்ணே" என்று அவிழ்த்துவிட்டான். நான் மேலே இழுத்துக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டு என்னை நம்புவான்.

படியில் பாசி இருந்தது. அவன் வழுக்கினது எனக்குத் தெரியாது. அப்போது நான் கயிற்றைச் சுருட்டி வைத்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டுத்தான் பார்த்தேன். இன்னும் ஓர் ஆள் உயரம் கீழே, பாறை குறுகுகிற இடத்தில் சிக்கியிருந்தான். ஒரு முழங்கால் எங்கோ மாட்டியிருந்தது. ஒரு கை உடம்போடு சேர்ந்து பாறைக்குள் போயிருந்தது. மற்றக் கை வெளியே இருந்தது. முகம் மேலே பார்த்தபடி. மூச்சை விடும்போதெல்லாம் உடம்பு கொஞ்சம் கீழே இறங்கியது, இழுக்கும்போது பாறை நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. இதை அவன்தான் சொன்னான். அதனால் பெரிய மூச்சு விடாதே என்று நான் சொன்னேன். அது நல்ல யோசனை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

பிறகு நடந்ததாக நான் போலீசில் கொடுத்த வாக்குமூலம் உங்களிடம் இருக்கிறது. அதில் சொன்னது இதுதான். விழுந்தவுடன் கயிற்றை இறக்கினேன். அவன் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டான். நான் மேலே பிடித்துக்கொண்டே இருந்தேன். தனி ஆளாக இழுக்க முடியவில்லை. பாதையில் வந்த வெள்ளகவி மலைச்சாமியிடம், ஒரு நபர் பாறைக்குள் விழுந்து கிடப்பதாகத் தெரிவித்தேன். அவர் உதவிக்கு வராமல் போய்விட்டார். மதியத்துக்கு மேல் மழை வந்தது, தனசேகர் இறந்துவிட்டான். இவ்வளவுதான். ஊர் அதை நம்பியது. மலைச்சாமியைத்தான் காறித் துப்பினார்கள். கொடைக்கானல் சந்தையில் அவருக்குச் சரக்குக் கொடுக்க மாட்டேன் என்றுகூட ஒரு கடைக்காரர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். கஷ்டமாகத்தான் இருந்தது.

தனசேகருடைய கருமாதி முடிகிற வரைக்கும் நான் எதையும் ஏற்றவில்லை. எனக்கும் மரியாதை தெரியும். காரியம் எல்லாம் முடிந்த மறுநாள்தான் அந்த வீடியோவை வெட்டி முடித்தேன். பேச்சை எடுத்துவிட்டு லேசாகப் புல்லாங்குழல் வைத்தேன். அசல் டேப்பின் மேல் ஒரு காதுகுத்தைப் பதிந்துவிட்டேன். டேப் தட்டுப்பாடு. லைன் சரியில்லாததால் வீடியோ ஏறி முடிக்க ஒரு பகல் முழுக்கப் பிடித்தது. முகப்பில் தனசேகருடைய முகம் வந்து உட்கார்ந்தபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். அப்படி ஒரு படம் இதுவரைக்கும் யாரும் வைத்ததில்லை. நடிப்பு என்று ஒருவர்கூட எழுதவில்லை. மக்கள் நின்றார்கள், ஐயா. எங்கெங்கிருந்தோ வந்து நின்றார்கள்.

சுமலதா கடைக்கு வந்தாள். யாரோ சொல்லியிருக்கிறார்கள். "அண்ணே, அவரு படம் கம்ப்யூட்டர்ல ஓடுதாமே. காட்டுங்க" என்றாள். நாற்காலி எடுத்துப் போட்டேன். உட்காரவில்லை. வீடியோவை ஓடவிடப் போனேன், வேண்டாமென்று கையைக் காட்டினாள். அந்தச் சின்னப் படத்தை மட்டும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன், பழக்கதோஷம்.

"அண்ணே, கயிறு எங்க?"

"படத்துல விழலம்மா."

"கயித்தப் புடிச்சுக்கிட்டே இருந்தேன்னு சொன்னீங்க."

"ஆமா."

"நீங்க கயித்தப் புடிச்சிருந்தா கேமராவ யாரு புடிச்சது?"

குரலை உயர்த்தவே இல்லை. அதற்கு நான் சொன்ன பதில் சரியில்லை என்று எனக்கே தெரிந்தது. அவள் அங்கிருந்து நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தாள். மற்றது உங்களுக்குத் தெரியும். அவள்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. படத்தில் இல்லாததைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

இனி நான் எங்கேயும் எழுதிக் கொடுக்காததைச் சொல்கிறேன்.

கயிற்றை இறக்கியிருந்தால் அவன் பிடித்திருப்பான். ஏற முடியாது, ஆனால் கீழே இறங்காமல் இருந்திருப்பான். நான் இறக்கவில்லை. அவன் கேட்டான், கேட்டுக்கொண்டேதான் இருந்தான். "அவுத்துட்டேனேண்ணே, திருப்பிக் குடுங்கண்ணே" என்றான். இரு, இரு என்றேன். வெயில் இன்னும் வரவில்லை. அவனுடைய தலைக்கு மேலே பாறையில் ஒரு கோடாக நின்றது, மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. நான் வயிற்றைப் பாறையில் ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடந்தேன். அசைந்தால் கேமராவில் படச்சட்டம் மாறிவிடும். எனக்கும் கை கால் மரத்துவிட்டது. ஒரு கணக்கில் பார்த்தால் நாங்கள் இரண்டு பேருமே சிக்கிக்கொண்டுதான் இருந்தோம்.

அப்போது குதிரை மணி கேட்டது. வெள்ளகவிக்குச் சாமான் எல்லாம் குதிரையில்தான் போகும். தனசேகருக்கும் கேட்டுவிட்டது. கத்தினான். ஆனால் நெஞ்சு பாறையில் இருக்கிறவன் எவ்வளவு கத்த முடியும், நடுவில் ஓடைச் சத்தம் வேறு. நான் எழுந்து பாதைக்குப் போனேன். மலைச்சாமி வந்துகொண்டிருந்தார். குதிரையில் கோயில் சாமான், பூ, தேங்காய் மூட்டை. மூட்டையைச் சுற்றி நல்ல தாம்புக்கயிறு. ஊருக்குள் செருப்புப் போட மாட்டார்கள் என்பதால் செருப்பை இப்போதே கழற்றி மூட்டையில் மாட்டியிருந்தார். வலது கையில் மஞ்சள் துணி. அவர்கள் ஊர்த் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருந்தார்.

இரண்டு ஆளும் ஒரு குதிரையும் இருந்தால் அவனை மேலே கொண்டுவந்திருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. வெயில் அவன் நெற்றிக்கு வருவதற்குள்ளேயே கொண்டுவந்திருக்கலாம். அதுதான் சங்கடம்.

நான் பழனிக்காரன், ஐயா. காப்புக் கட்டினவர்கள் மத்தியில் வளர்ந்தவன். காப்புக் கட்டினவர் சாவு இருக்கிற இடத்துக்குப் போகக் கூடாது, தீட்டு. அவர் போனால் அவர் ஒருவருக்கு மட்டுமல்ல, ஊர்த் திருவிழாவுக்கே ஆகாது. ஆனால் உயிருக்குப் போராடுகிறவனைத் தூக்க எந்தக் காப்பும் தடை இல்லை. நெருப்பில் இறங்கிக்கூடத் தூக்குவார்கள். எனக்கு இரண்டும் தெரியும். நான் அவரிடம் செத்துவிட்டான் என்று சொல்லவில்லை. "மாமா, பொளவுக்குள்ள ஆளு ஒண்ணு கெடக்கு" என்றேன்.

இங்கே நீங்கள் எழுதுகிறவரைக் கொஞ்சம் கவனிக்கச் சொல்ல வேண்டும். போலீசில் எழுதினவர் அதை 'ஒரு நபர் கிடப்பதாகத் தெரிவித்தேன்' என்று எழுதிவிட்டார். எழுத்தில் எல்லோரும் கிடப்பார்கள், உயிரோடு இருக்கிறவனும் கிடப்பான், போனவனும் கிடப்பான். மலைச்சாமி ஸ்டேஷனில் திரும்பத் திரும்பச் சொன்னாராம். "கெடக்காருன்னு சொல்லியிருந்தா குதிரைய விட்டுட்டு ஓடியிருப்பேன் சாமி. கெடக்குன்னு சொன்னாரு" என்று. இரண்டும் ஒன்றுதானே என்று அவரை அனுப்பிவிட்டார்கள். ஒன்று இல்லை. எங்கள் பக்கத்தில் கல்லு கெடக்கு, சோலி கெடக்கு. மனுசன் குடித்துவிட்டு விழுந்தாலும் கெடக்கான், பெரியவர் காய்ச்சலில் படுத்தாலும் கெடக்காரு. உயிர் போன பிறகுதான் மனுசனுக்குக் கெடக்கு. அவர் சொன்னது சத்தியம். 'கெடக்கு' என்றே எழுதுங்கள்.

அவர் தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டார். "யாருன்னு தெரிஞ்சுச்சா?" என்றார். சொன்னேன். "நல்ல பயலாச்சே" என்று குதிரையை இழுத்து நிறுத்தினார். "எப்ப?" என்றார். வெள்ளனே என்றேன், விழுந்தது வெள்ளனேதான். கையிலிருந்த மஞ்சள் துணியைக் காட்டினார். "நான் கிட்ட வரக் கூடாதுப்பா. ஊருல காப்புக் கட்டாத ஆளாப் பாத்துப் போலீசுக்குச் சொல்லிவிடுறேன். நீ தனியா விட்டுட்டுப் போயிராத, பக்கத்துல இரு" என்றார். அவர் சொன்னபடி நான் பக்கத்திலேயேதான் இருந்தேன்.

திரும்பி வந்தபோது வெயில் அவனுடைய புருவத்துக்கு வந்திருந்தது. ஓடிப் படுத்தேன். "அவங்க வர்றாங்களாண்ணே?" என்றான். அவசரத்தில், "வர்றாங்க" என்று சொல்லிவிட்டேன். அது என் தப்பு. உடனே அவன் முகம் மாறிவிட்டது. கண் தளர்ந்தது, கன்னம் தளர்ந்தது, லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தான். "சுமலதாகிட்டச் சொல்லாதீங்கண்ணே, அப்புறம் உங்ககூட விடமாட்டா" என்றான். காலையிலிருந்து காத்திருந்த வெளிச்சம் அவன் கண்ணில் விழுந்திருக்கிறது, முகத்தில் ஒன்றுமே இல்லை. அப்பா மாட்டி வைக்கிற குடும்பம் மாதிரி இருந்தான். மேற்கே மேகம் ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சத்தில் வெயிலும் போய்விடும்.

அதனால் உண்மையைச் சொன்னேன்.

"தனா, மலைச்சாமி வரமாட்டாரு. ஆளு கெடக்குன்னு சொல்லிட்டேன்."

அவன் திட்டுவான் என்று நினைத்தேன். திட்டவில்லை. வழிகாட்டி அல்லவா, அந்தப் பாதையில் யாருக்கு எப்போது காப்பு என்று அவனுக்குத் தெரியும். மணிச்சத்தம் தூரத்தில் போவதைக் கேட்டுக்கொண்டே என்னைப் பார்த்தான். வாய் பாதி திறந்தது. அந்தப் பார்வையைத்தான் நீங்கள் எல்லோரும் முகப்பில் பார்த்தீர்கள். இயந்திரத்துக்கு அதெல்லாம் வராது.

முகம் கிடைத்தவுடனேயே நான் கயிற்றை இறக்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நடுவுக்கு நடு என்று பெயர் வர வேண்டுமானால் பின்னாலும் நேரம் வேண்டும், ஐயா. முன்பக்கம் என்னிடம் தாராளமாக இருந்தது. அதற்குச் சமமாகப் பின்பக்கம் எடுத்தேன். வேறு எதையாவது ஒட்டியிருக்கலாம்தான், மேகமோ மரமோ. ஆனால் அது ஏமாற்று, கண்டுபிடித்துவிடுவார்கள். அந்த நேரத்தில் அவன் பேசினதெல்லாம் வீட்டு விஷயம். அதைத்தான் எடுத்துவிட்டுப் புல்லாங்குழல் வைத்தேன். அது சுமலதாவுக்கு உரியது, ஊர் கேட்க வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது.

முடிந்ததும் கயிற்றை இறக்கினேன். இதையும் எழுதிக்கொள்ள வேண்டும். இறக்கினேன், அவன் கைக்கே போய்ச் சேர்ந்தது. விரல் மடங்கவில்லை. பிறகு மழை வந்தது. கேமராவை நனையாமல் மூடிவைத்துவிட்டு, மழை முழுக்க அங்கேயே உட்கார்ந்திருந்தேன். கூப்பிட்டுப் பார்த்தேன்.

மலைச்சாமியை விட்டுவிடுங்கள், அவர்மேல் பிசகு இல்லை. கொன்றது நான்தான், அதில் எனக்கு மறுப்பும் இல்லை. ஆனால் அவரிடம் நான் பொய் சொன்னதாக மட்டும் எழுத வேண்டாம். சாயங்காலம் தீயணைப்புக்காரர்கள் வந்து டார்ச் அடித்துப் பார்த்தார்களே, அவர்களும் மேலே நின்றவர்களைப் பார்த்து 'கெடக்கு' என்ற அதே சொல்லைத்தான் சொன்னார்கள். நான் கொஞ்சம் முன்னதாகச் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.